ரெண்டாள் கம்பெனி கலைந்த நாள்

"சம்பளமா? என்ன மாமா, என்னை வேலைக்கு வச்சுக்கப் போறீங்களா?"

"கத்தாதே பாப்பா! தெரு பூரா கேக்குது!"

"கேக்கட்டுமே! உங்க தொண்டைக்கு முன்னால என்னோடது எம்மாத்திரம்?"

தெரு பூராவும்தான் கேட்டது. மூன்றாம் மாடியில் நடந்த சண்டைக்குக் கீழ்த்தளத்துக் கதவுகள்கூடத் திறந்துகொண்டன. முதல் மாடித் தையல்காரம்மா ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டாம் மாடி வாத்தியார் செய்தித்தாளோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். படிக்கிறாராம். தாள் தலைகீழாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

சண்டைக்குக் காரணம் போன வாரமே தெரு அறிந்ததுதான். அதைக் கேட்கக் கொடுத்து வைக்காதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுவோம்.

வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை மாடியிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, புது வீட்டு மாடியில் கொண்டுபோய் வைப்பது ரெண்டாள் கம்பெனியின் தொழில். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ரெண்டே ஆள். அக்காவின் கணவர் ஒருவர், அந்த அக்காவின் தம்பி ஒருவர். முப்பது வருஷமாக வேறு ஆளைச் சேர்த்ததில்லை.

படியில் கனமான சாமானை இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவர் பின்பக்கமாகவே நடந்து இறங்க வேண்டும். அது அத்தானின் வேலை. அதனால் அவருக்குத் தெரு வைத்த பெயர் ரிவர்ஸ். மேல்பக்கம் பிடித்துக்கொண்டு, வழியைப் பார்த்து, "படி… படி… இடது… தரை!" என்று கத்துகிறவர் மைத்துனர். அவர் ஹாரன். அந்தக் கத்தலில் தொட்டில் குழந்தைகள் விழித்ததுண்டு. ரிவர்ஸின் ஒரே மகள் பத்து வருஷமாகக் கம்பெனி லாரியை ஓட்டுகிறாள். அவள் பெயர் ஸ்டியரிங் என்று ஆனதில் ஆச்சரியம் இல்லை. தாய்மாமன் ஹாரனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதை அவருக்கு யார் சொல்வது?

போன வாரம் ரிவர்ஸ் ஓய்வை அறிவித்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, இனிமேல் படி என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்றாம் மாடி வீட்டை மகளிடம் விட்டுவிட்டு, மனைவியோடு வேறு ஊரில் படியே இல்லாத ஒரு வீட்டுக்குப் போகிறார். அன்று மாலையே ஹாரன் முடிதிருத்தும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு அறிவித்தார்: "இனிமே கம்பெனி முழுசும் நான்தான். எனக்கு அப்புறம் என் பையன்!" நுரை பறந்து பக்கத்து நாற்காலிக்காரர் மேல் விழுந்தது.

இன்று ரிவர்ஸ் வீடு மாறும் நாள். காலையிலிருந்து ஹாரனும் ஸ்டியரிங்கும் சின்னச் சாமான்களையெல்லாம் லாரிக்கு இறக்கிவிட்டார்கள். பாக்கி இருந்தது அக்காவின் பழைய பீரோ. அதைத் தூக்குவதற்குள் கம்பெனியின் ஆடிட்டர் கையில் பையோடு மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். கல்யாணமாகாத மனிதர். ஒல்லி. மீதமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, கலைப்புப் பத்திரத்தை எடுத்தார்.

ஹாரன் திடுக்கிட்டார். "கலைப்பா? எதுக்குக் கலைக்கணும்? அத்தான் விலகுறாரு, நான் நடத்துறேன். அவ்வளவுதானே?"

"அப்படி இல்லைங்க. ரெண்டு பேர் சேர்ந்த கூட்டுல ஒருத்தர் விலகினா கூட்டே முடிஞ்சு போகும். ஒருத்தரே ஒருத்தரோட கூட்டுச் சேர முடியாது."

"அப்போ நான் யாரு?"

"தனி ஆள்."

ஹாரன் வாழ்க்கையில் கேட்ட மிக மோசமான வார்த்தை அதுதான் போலிருக்கிறது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். "லாரியில ரெண்டாள்னு எழுதியிருக்கே?"

"பேரை வச்சுக்கலாம். இன்னொருத்தரைச் சேர்த்துப் புதுசா ஒரு கூட்டுப் பத்திரம் எழுதிக்கிட்டா ஆச்சு."

அந்த நொடியில்தான் ஸ்டியரிங் வாய் திறந்தாள். "நான் இருக்கேனே." மாமா சொன்ன பதில், நல்ல சம்பளம் போட்டுத் தருகிறேன் என்பது. மீதியை நீங்கள் மேலே கேட்டீர்கள்.

"உன்னைச் சேர்த்துக்கிட்டா என் பையன் வந்து எங்க நிப்பான்?" என்றார் ஹாரன்.

அக்கா கட்டிக்கொண்டிருந்த மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். "டேய், உன் பையன் லாரிப் பக்கமே வந்ததில்லையேடா. புகை ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர் வேலைக்கு ஓடினவன்."

"வருவான்கா. ஒருநாள் வருவான்."

"அவன் வர்ற வரைக்கும் பீரோவைக் கீழே யாருடா பிடிப்பா? நானா?"

ஹாரன் அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க அத்தான். பாப்பா பங்கு கேக்குறது நியாயமா?"

ரிவர்ஸ் ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தார். "நான் போறவன் மாப்பிள்ளே. போறவன் எதுக்கு நடுவுல பேசணும்?"

அவர் ஒரே ஒரு வார்த்தை, 'என் பொண்ணு' என்று சொல்லியிருந்தால் ஹாரன் அங்கேயே கரைந்திருப்பார். அது அக்காவுக்குத் தெரியும். வாசலில் காதை விட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியும். ஆனால் ரிவர்ஸ் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டதாகத் தெருவின் வரலாற்றிலேயே இல்லை. இவர் கேட்டு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பெண்ணும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. இருவருக்கும் ஒரே முதுகெலும்பு. வளையாது.

ஹாரனுக்கு அந்த மௌனம் தெம்பு கொடுத்துவிட்டது. பேசக் கூடாததைப் பேசினார்.

"பாப்பா, லாரி ஓட்டுறது வேற, சாமான் இறக்குறது வேற. கம்பெனின்னா படிக்கட்டு. படிக்கட்டுன்னா என் குரல். கீழ்ப்பக்கம் எவன் பிடிச்சாலும் என் குரலைக் கேட்டு இறங்கிடுவான்."

அக்கா மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் தன் முழங்கால்களைப் பார்த்தார். ஆடிட்டர் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். சொன்ன பிறகுதான் ஹாரனுக்கே தான் சொன்னது கேட்டது. ஆனால் வாயை விட்டுப் போன சொல்லைத் திருப்பி விழுங்குவது ஹாரனின் பழக்கம் இல்லை.

ஸ்டியரிங் சட்டைக் கையை மடித்தாள்.

"எவன் பிடிச்சாலும் இறங்கிடலாமா? அப்போ இன்னிக்கு நீங்க பிடிங்க மாமா."

"என்னது?"

"கீழ்ப்பக்கம் நீங்க. மேல்பக்கம் நான். நான் வழி சொல்றேன், நீங்க பின்னால நடந்து வாங்க. என் குரலை நம்பி உங்களால தெரு வரைக்கும் இறங்க முடியலேன்னா, லாரிச் சாவியை உங்க கையில கொடுத்துட்டு நான் வேற வேலை பார்த்துக்கிறேன். இறங்கிட்டீங்கன்னா சரிபாதிப் பங்கு. சம்மதமா?"

"பாப்பா, விளையாடாதே."

"பயமா இருந்தா விட்டுடுங்க மாமா."

அவ்வளவுதான். ஹாரனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு பீரோவின் கீழ்ப்பக்கத்துக்குப் போய் நின்றுவிட்டார்.

செய்தி படிக்கட்டு வழியாக எங்களுக்கு முன்பே கீழே போய்விட்டது. ரிவர்ஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். முதல் திருப்பத்தில், சுவரோடு ஒட்டின மூலையில், வாத்தியார் தன் வீட்டு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். ரிவர்ஸ் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். தையல்காரம்மா பக்கத்திலேயே நின்றார். இடம் நெருக்கடிதான், ஆனாலும் நகர மனம் வரவில்லை.

மேலே பீரோ சாய்ந்தது. கண்ணாடிக் கதவுக்குப் போர்வை, உடம்புக்குச் சாக்கு, குறுக்கே கயிறு. ஹாரனின் மூக்குக்கு முன்னால் சாக்கு. அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பின்னால் என்ன இருக்கிறதென்று திரும்பிப் பார்க்கவும் முடியாது.

"படி," என்றாள் ஸ்டியரிங்.

ஹாரனின் வலது கால் காற்றில் தேடியது. பெருவிரலால் துழாவினார். கிடைத்ததும், பழக்க தோஷம், "படி!" என்று தானும் கத்தினார்.

"மாமா, படியில ஒரு வாய்தான்."

அது ஹாரனே போட்ட சட்டம். சாமான் படியில் இருக்கும்போது வழி சொல்கிறவர் ஒருவர்தான் பேச வேண்டும், மற்ற யாரும் மூச்சு விடக் கூடாது. குறுக்கே பேசிய வீட்டுக்காரர்களை அவர் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறார். இன்று அவரே அதட்டு வாங்கிக்கொண்டு முறைத்தார். சாக்கைத்தான் முறைக்க முடிந்தது.

"படி… படி… இன்னும் ஒண்ணு. இப்போ திருப்பம், உங்க…"

"இடது!" என்று ஹாரன் முந்திக்கொண்டார். முப்பது வருஷமாக இந்தத் திருப்பத்தில் அவர் கத்துவது அதுதான். கத்தின வேகத்திலேயே இடது பக்கம் திரும்பியும் விட்டார்.

அங்கே சுவர் இருந்தது.

தோள் சுவரில் மோதியது. பீரோவின் மூலை கைப்பிடியில் போய்ச் செருகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஹாரனின் மார்பில் பீரோ, தோளில் சுவர், ஒரு கால் படியிலும் மறு கால் எதிலும் இல்லாமலும்.

"அத்தான்!"

ரிவர்ஸ் ஒரு கை எட்டும் தூரத்தில், நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், எங்க இருக்கீங்க? எந்தப் பக்கம்? சொல்லுங்க அத்தான்!"

அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. ஹாரனின் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னதாக ஒரு சத்தம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ரிவர்ஸின் வாய் திறந்தது. நாற்காலியின் கைகளை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. ஒரே சொல். அதைச் சொன்னால் மைத்துனரின் கால் படியில் ஊன்றும், மகளின் கையிலிருந்து சாவி போகும். தையல்காரம்மா பொறுக்க முடியாமல், "அய்யோ, சொல்லுங்களேன்," என்று கிசுகிசுத்தார்.

ரிவர்ஸ் உதட்டின் மேல் விரலை வைத்து அவரை அடக்கினார். தன் வாயையும் மூடிக்கொண்டார்.

மேலேயிருந்து ஸ்டியரிங் பேசினாள். கத்தவில்லை. லாரியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவது போல.

"மாமா, மேலே நான் இருக்கேன். கனத்தை நான் இழுத்துப் பிடிச்சிருக்கேன். தெரியுதா?"

பீரோ அவர் மார்பிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது.

"தெரியுது."

"மூச்சு விடுங்க. அவசரம் இல்ல. இப்போ உங்க வலது. நான் பார்க்குற பக்கம் இல்ல, உங்க வலது கைப் பக்கம். அரை அடி. அங்க தரை இருக்கு, தைரியமா வைங்க."

ஹாரன் வலது பக்கம் காலை வைத்தார். தரை இருந்தது.

"இன்னும் கொஞ்சம். போதும். இப்போ படி."

அதற்குப் பிறகு ஹாரன் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாடி கடந்தது, முதல் மாடி கடந்தது. அவள் குரல் கால் தேடுவதற்கு ஒரு கணம் முன்னால் வந்தது. கால் அதை நம்பிப் போனது. பீரோ போகிற வழியெல்லாம் கதவோரம் நின்றவர்கள் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். யாரும் மூச்சு விடவில்லை. அக்கா மட்டும் பின்னாலேயே ஒவ்வொரு படியாக, சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு வந்தாள்.

"தரை," என்றாள் ஸ்டியரிங்.

ஹாரன் நம்பவில்லை. தெருவில் நின்றுகொண்டு இன்னும் ஒரு படியைக் காலால் தேடினார். தெரு சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பீரோவை லாரியில் ஏற்றிய பிறகு ஹாரன் பின்பலகையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எல்லோருக்கும் கடைசியாக இறங்கி வந்து சேர்ந்தார்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். நான் இடதுன்னு கத்தும்போதெல்லாம் நீங்க எந்தப் பக்கம் போவீங்க?"

"வலது."

"எல்லாத் தடவையுமா?"

"நீ என்னைப் பார்த்து நிக்கிறே. உன் இடது எனக்கு வலதுதானே?"

"முப்பது வருஷமா மனசுக்குள்ளேயே மாத்திக்கிட்டா இறங்குனீங்க? ஒரு தடவை சொல்லியிருக்கலாமே!"

"எதுக்குச் சொல்லணும்? நீ பார்க்குறதை நீ சொன்னே. நான் போக வேண்டிய பக்கம் நான் போனேன். ஒரு கண்ணாடிகூட உடையலையே மாப்பிள்ளே."

ஹாரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் கூப்பிட்டேனே. பின்னாலதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கேட்டுச்சா?"

"கேட்காம? உன் சத்தம் கேட்காம போகுமா?"

"அப்புறம் ஏன்…?"

"படியில ஒரு வாய்தான். இன்னிக்கு அது என்னோடது இல்ல."

ஹாரன் எழுந்தார். எழுந்த வேகத்தில், பையோடு இறங்கி வந்து பக்கத்தில் நின்ற ஆடிட்டரின் கண்ணாடி ஆடியது.

"எழுதுங்க சார்! பழைய கூட்டு கலைஞ்சுது. புதுக் கூட்டு, ரெண்டு பேர். சரிபாதி. பேர் அதேதான், மாத்தக் கூடாது."

"ரெண்டாவது பங்குதாரர்…" என்று ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "பாப்பான்னு பத்திரத்துல எழுத முடியாதுங்க."

"முழுப் பேர் நான் சொல்றேன், எழுதிக்கோங்க," என்றாள் ஸ்டியரிங். சொன்னாள். ஆடிட்டர் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் புறங்கையால் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். தையல்காரம்மா என் விலாவில் இடித்தார்.

கலைப்புப் பத்திரத்தில் ரிவர்ஸ் கையெழுத்துப் போட நேரம் பிடித்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, நன்றாக அழுத்திப் போட்டார். முடித்துவிட்டுப் பேனாவை மகளிடம் நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. கூட்டத்தைப் பார்த்து, "பார்த்தீங்கல்ல? மேல்பக்கம் பிடிச்சது யாருன்னு பார்த்தீங்கல்ல?" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டாள். பார்க்காதவர்களிடம் இரண்டு தடவை கேட்டாள்.

ஹாரன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். ஓரமாகப் போனாலும் அவர் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். "டேய், உனக்குன்னு வச்சிருந்த இடத்தைப் பாப்பாவுக்குக் கொடுத்துட்டேன். ஆமா. சரிபாதி. … என்னது? … திரும்பச் சொல்லு."

தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்னடா சொல்றான்?" என்றாள் அக்கா.

"வேலையை விட்டுட்டானாம். போன மாசமே. பெட்டியைக் கட்டிட்டு இருக்கானாம்."

ஸ்டியரிங் லாரிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு கொஞ்சம் கூடுதலாகவே இறுகியது. "வரட்டும் மாமா. சம்பளம் நல்லாப் போட்டுக் கொடுக்கலாம்," என்றாள்.

ஹாரன் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெருவே அதிரச் சிரித்தார். "கேட்டீங்களா அத்தான்! கேட்டீங்களா! ஏறுங்க, நேரமாச்சு. பார்ட்னர், வண்டியை எடு!"

ரிவர்ஸ் வழக்கம்போல லாரியின் பின்பக்கம் போனார். அவர் எப்போதும் சாமான்களோடு, வந்த வழியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்து போவார். ஹாரன் அவர் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிவந்து, தன் இடத்தில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். தான் போய்ப் பின்னால் பீரோவோடு ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது. ரிவர்ஸ் முன்கண்ணாடி வழியாக, போகிற வழியைப் பார்த்துக்கொண்டு போனார். கையை ஆட்டக்கூட மறந்துவிட்டார்.

அதன் பிறகு ரிவர்ஸும் அக்காவும் அந்தப் படியில்லாத வீட்டிலேயே நிலைத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே குறை, அங்கே சண்டையைக் கேட்க மாடிவாசிகள் இல்லையாம். ஹாரனின் மகன் பெட்டியோடு வந்து இறங்கினான். அவனுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடந்ததைச் சொல்ல இங்கே இடம் போதாது. ஆடிட்டர் ஏதேதோ கையெழுத்து விட்டுப்போனதென்று மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறிக்கொண்டே இருந்தார். மறுவருஷம் ஸ்டியரிங்கையே கட்டிக்கொண்டார். பெண் எந்த ஊருக்குப் போகப் போகிறாள் என்று தெரு பந்தயம் கட்டியது. தெரு தோற்றது. வீடு மாறி வந்தவர் மாப்பிள்ளைதான். அவர் சாமான்களை ரெண்டாள் கம்பெனிதான் ஏற்றி இறக்கியது. சொந்தக்காரர் ஆயிற்றே, கூலி வேண்டாம் என்றார் ஹாரன். பார்ட்னர் ஒத்துக்கொள்ளவில்லை. முழுக் கூலியையும் மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொண்டு, ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் சேர்த்தாள்.